செக்கர் மாரிராஜ் ஊருக்குப் போன கதை

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலை ஊரை விட்டுக் கழன்றுகொள்கிற இடத்தில் மாரிராஜின் வீடு இருக்கிறது. மாரிராஜ் வீடு என்று கேட்டால் "எந்த மாரிராஜ்?" என்பார்கள். செக்கர் என்றால் போதும், ஆட்டோக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வண்டியைத் திருப்புவார். அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, பரிசோதனை ஓயவில்லை. வீட்டுக்கு வருகிற மனுசரை எல்லாம் ஓசியில் ஏறிய பயணி போலத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

சந்தேகம் சிலருக்குக் குணம், சிலருக்கு நோய். மாரிராஜுக்கு அது சோறு போட்ட தொழில். சோறு போட்டதை யாராவது குறை என்பார்களா? பஸ் ஸ்டாப்பில் நின்று ஏறுகிறவன் செக்கரே இல்லை என்பார் அவர். வளைவு தாண்டி, புளியமர நிழலில், கண்டக்டர் கண்ணுக்குப் படாமல் நின்று கையைக் காட்ட வேண்டும். ஏறியதும் டிக்கெட்டைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். டிக்கெட் எடுத்தவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். எடுக்காதவன்தான் செக்கரைப் பார்த்துச் சிரிப்பான். இந்தச் சாஸ்திரம் பஸ்ஸுக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே பொருந்தும் என்பது அவருடைய கட்சி. ஒருநாள் பால்காரர் வாய் தவறி "சொகமா இருக்கீகளா அண்ணாச்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க மாரிராஜ் பாலை நகத்தில் சொட்டுவிட்டு, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் அது விழுந்தது, சொன்னது யார் என்று மட்டும் விசாரித்தார்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் மனசு வைத்திருந்தது நாலு கால், ரெண்டு கால் ஜீவன்களிடம்தான். பொம்மி என்று ஒரு நாய். இந்தக் கரிசல் காட்டில் முயல் விரட்டவே பிறந்த கன்னி இனம். உடம்பெல்லாம் கறுப்பு, காலும் புருவமும் மட்டும் பழுப்பு. அப்புறம் கொஞ்சம் கோழி, யாரைக் கண்டாலும் உடம்பை ஊதிக்கொண்டு முறைக்கிற ஒரு வான்கோழி, வெள்ளாட்டுக் கிடா ஒன்று. அந்தக் கிடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவ்வளவு வாட்டசாட்டமான கிடா மேலநீலிதநல்லூர் வரைக்கும் தேடினாலும் கிடைக்காது. ஆடு வைத்திருக்கிற ஆட்கள், பெட்டை ஆட்டை ஒரு நேரம் கிடாவோடு சேர்த்துக்கொள்கிறோம் என்று வந்து கேட்பார்கள். ஒருவருக்கும் விட்டதில்லை. அயலாட்டிடமிருந்து நோய் தொத்தும் என்பார். உள்ளுக்குள் இருந்த கணக்கு வேறு. நல்ல குட்டி பிறந்தால் அதை வைத்திருக்கிறவன் தன் ஆட்டு வம்சம் என்று பெருமை அடிப்பான், தன் கிடாவின் பேரை எவன் சொல்லப்போகிறான்?

பொம்மிக்கு முன்னால் ஒரு நாய் இருந்தது. அது ஒரு காலையில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது, பக்கத்தில் பாதி கடித்த பன். தன்னிடம் மெமோ வாங்கிய கண்டக்டர்களில் எவனோ ஒருவன் வேலை என்று மாரிராஜ் முடிவு கட்டினார். எவன் என்பது மட்டும் முடிவாகவில்லை, அதனால் எல்லோரையும் சேர்த்தே சந்தேகப்பட்டார். பொம்மி குட்டியாக வந்தபோதே பாடம் ஆரம்பமாகிவிட்டது. போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு ரொட்டியை நீட்டச் சொல்வார். குட்டி ஆசையாகக் கழுத்தை நீட்டினால், முறுக்கிய துண்டால் மூக்கில் ஒரு தட்டு. கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொல்வார். அப்போதும் வாய் வைத்தால் தட்டு. கொஞ்ச நாளில் குட்டிக்குப் புரிந்துவிட்டது. பிறத்தியார் கையில் வாங்காது, பிறத்தியார் நின்று பார்க்கையில் சோற்றில் மூக்கை வைக்காது. மாரிராஜ் அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

சென்னை அம்பத்தூரிலிருந்து மகள் ராஜகுமாரி போன் செய்தது அந்தப் பூரிப்பில் அவர் இருந்த காலத்தில்தான். அவள் புருசன் கப்பலில் வேலை பார்க்கிறான், கரைக்கு வர மாதக்கணக்காகும். பள்ளிக்கூடம் போகத் தொடங்காத பையன் ஒருத்தன் இருக்கிறான். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. தள்ளிப்போட்டது போதும், உடனே எடுக்க வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஆஸ்பத்திரியில சேரணும்ப்பா. மறுநா காலையில ஆப்பரேஷன். நீங்க வந்து பிள்ளைய வாங்கிக்கிட்டாத்தான் நான் உள்ள போவ முடியும். வேற யாருகிட்டயும் விடுததுக்கு எனக்கு மனசு வராது. நானும் ஒங்க மகதான, அந்தக் கொணம் எங்க போவும்?"

"நான் இருக்கைல நீ எதுக்குட்டி யாருகிட்டயும் விடணும்? வாரேன்."

"வீடு பால் காய்ச்சுனப்பவும் இப்படித்தான் சொன்னீக. பிள்ளைக்கு மொத பொறந்தநாளுக்கும் இப்படித்தான் சொன்னீக. ரெண்டு தடவையும் நாயைப் பாத்துக்க ஆளில்லன்னு வரல. நான் ஒண்ணும் சொல்லல. இந்தத் தடவ அப்படி ஆயிரக் கூடாதுப்பா."

"ஆவாது தாயி" என்றார். மனசாரத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டு வளவைப் பார்த்தார். பொம்மி வாலை ஆட்டியது, கிடா புல்லை மென்றது, வான்கோழி ஊதியது. இதுகளை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது என்ற கவலை அந்த நிமிசமே அவர் தலையில் ஏறி உட்கார்ந்தது.

முதலில் வெங்கடேஷிடம் போனார். திருவேங்கடம் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற பையன். சுத்தமாகத்தான் வைத்திருந்தான். மாரிராஜ் தண்ணீர்த் தொட்டியை முகர்ந்தார், சோற்றுச் சட்டியைச் சுரண்டிப் பார்த்தார்.

"இத்தன நாய் கெடக்கு. ஒண்ணுகூட கொரைக்கலையே? என்னத்தக் குடுத்து வச்சிருக்கே?"

"சாப்பிட்டுத் தூங்குது சார்."

"பட்டப்பகல்ல?"

"சார், கேமரா போட்டிருக்கோம். நீங்க சென்னையில இருந்தே போன்ல பாத்துக்கிடலாம்."

"கேமரா எதுக்கு?"

"ஒரு நம்பிக்கைக்குத்தான் சார்."

"நம்பிக்கை இருந்தா கேமரா எதுக்குவே?" என்று கேட்டுவிட்டு மாரிராஜ் படியிறங்கினார். வெங்கடேஷ் சிரித்தபடி நின்றான். அந்தச் சிரிப்பு ஒன்று போதாதா, மாரிராஜ் திரும்பியே பார்க்கவில்லை.

அடுத்து பெருமாள்சாமி. அவரோடு ஒன்றாகச் சர்வீஸ் போட்ட டிரைவர், தினமும் சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற சினேகிதர். நல்ல மனுசன், கேட்டதும் சரி என்றார். ஆனால் செக்கர் சும்மா சாவியைக் கொடுப்பாரா? திருச்செந்தூர் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இளையரசனேந்தலில் சொந்தக்காரர் வீட்டில் போய் இரண்டு நாள் படுத்துக்கொண்டார். ஒத்திகை பார்க்கிறாராம். திரும்பி வந்து பார்த்தால் பொம்மியின் விலா எலும்பு தெரிந்தது. தட்டில் ரொட்டியைப் பிய்த்து வைத்ததும் பறந்து பறந்து தின்றது.

"நாய்க்குன்னு வாங்கி வச்ச கோழிக்கறி எங்க வே?"

"திங்கலய்யா அது. மடியில போட்டுச் சங்குல புகட்டாத கொறதான். கிட்ட உக்காந்து தடவிக் குடுத்துப் பாத்தேன், மொகத்தத் திருப்பிக்கிடுது. தின்னாதத எடுத்து மூடி வச்சேன், கறி நாறிப்போச்சு, கொட்டிட்டேன்."

"இந்தா, இப்பம் என் கையில திங்குதே?"

"ஒம்ம கையில திங்குது. என் கையில திங்கல. அதுக்கு நான் என்ன செய்ய?"

"கறியக் கொட்டுனது எங்க? கீழயா, வயித்துலயா?"

பெருமாள்சாமி சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு டீக்கடையில் அவரவர் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாயைப் பட்டினி போட்டது தன்னுடைய துண்டடிப் பாடம்தான் என்று மாரிராஜுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. சினேகிதன்கூடத் திருடன் என்று தெரிந்துகொண்டதில் அவருக்கு ஒரு கசப்பான திருப்தி இருந்தது.

நாள் நெருங்கிவிட்டது. ராஜகுமாரி தினமும் கேட்டாள், மாரிராஜ் தினமும் "கெளம்பிருவேன்" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் பின்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஆயிஷம்மாள். பின்வீட்டுக்காரி. புருசன் ஷேக் ஃபரீத் சவூதியில், தம்மாமில் வேலையாக இருக்கிறார். இவள் நாலைந்து வெள்ளாடு வைத்துக்கொண்டு, யாருக்கும் தலை வணங்காமல், கொஞ்சம் நீண்ட நாக்கோடு காலம் தள்ளுகிறாள்.

"அண்ணாச்சி, மகளுக்கு ஆப்பரேஷனாமே? நீங்க போயிட்டு வாங்க. இதுகள நான் பாத்துக்கிடுதேன்."

"ஆப்பரேஷன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீங்க போன்ல பேசுனா புளியங்குடிக்கே கேக்கும். ஆனா ஒண்ணு, இப்பமே சொல்லிட்டேன். நாயத் தொடமாட்டேன். தொழுகுத பொம்பள நான். அது எச்சி பட்டா ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணு போட்டுக் கழுவணும். தூரத்துல நின்னு சோத்தக் கொட்டுவேன். அம்புட்டுத்தான்."

மாரிராஜுக்குப் பொறி தட்டியது. எதிரே நாய் வந்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறவள் இவள். கேட்காமலே வந்து நாயைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். என்னமோ இருக்கிறது, என்ன என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல், அன்றைக்கு ஒருநாள் பார்க்கலாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டு சிவகிரிக்குப் போய் பஸ் நிலையத்தில் பொழுதைப் போக்கிவிட்டு வந்தார்.

வந்து பார்த்தால் கோழி அடைந்திருந்தது, கிடாவுக்குத் தழை கட்டியிருந்தது, பொம்மி வயிறு நிறைந்து படுத்திருந்தது. சோறு போட்ட துவைக்கல்லில் ஒரு பருக்கை இல்லை. வேறு யாராவது இருந்தால் சாமிக்குக் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள். மாரிராஜ் பொம்மியின் வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தார், இமையை விலக்கிக் கண்ணைப் பார்த்தார். தன் கையில் தவிர எவர் கையிலும் தின்னாத நாய் ஒரே நாளில் கட்சி மாறுமா? சோற்றில் மருந்து வைத்து மயக்கிவிட்டாள் என்றுதான் அவருக்கு ஓடியது. இன்னொன்றும் இருந்தது. தான் இல்லாமலும் பொம்மி சாப்பிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். அதை அவர் வெளியே சொல்லவில்லை.

சனிக்கிழமையும் யோசனையிலேயே கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினால்தான் சாயங்காலத்துக்குள் சென்னை போய்ச் சேர முடியும். இனி தப்ப முடியாது என்று ஆனபோது, விடிந்தும் விடியாமலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆயிஷம்மாளிடம் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டவள் போகிறபோக்கில் ஒரு கேள்வி கேட்டாள்.

"கிடாவ எங்கன கட்டுவீக அண்ணாச்சி? கயிறு கெட்டியாத்தான இருக்கு?"

"எதுக்குக் கேக்கீக?"

"சும்மாதான் கேட்டேன்."

மதுரை பஸ் கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டுகிறவரை அந்தச் "சும்மா" மாரிராஜுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. அவர் சர்வீஸில் "சும்மாதான் சார் நின்னேன்" என்று சொன்ன ஒருத்தனிடமும் டிக்கெட் இருந்ததில்லை. ஊரில் இருப்பதிலேயே வாட்டமான கிடா. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு, கறிக்கடைக்காரன் கத்தி தீட்டுகிற நாள். கயிறு கெட்டியா என்று ஏன் கேட்டாள்? ஆயிஷம்மாளுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார், எடுக்கவில்லை. கிடாவைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிற கைக்குப் போனை எடுக்க நேரம் ஏது? அவர் கண்ணுக்கு முன்னால் கிடா காலைப் பரப்பிக்கொண்டு கத்துவது தெரிந்தது.

ராஜபாளையத்தில் பஸ் நின்றது. சரியாக அந்த நேரத்துக்கு ராஜகுமாரி கூப்பிட்டாள்.

"எங்கப்பா வாரீக?"

"பஸ்ல வாரேன் தாயி. ராசபாளையம்."

"இந்தா, பிள்ளை பேசணுங்கான்." போன் கை மாறியது. "தாத்தா, வாங்க" என்று ஒரு குரல், அதற்குமேல் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு மறுபடியும் ராஜகுமாரி. "ரெண்டு நாளா தாத்தா வாராக, தாத்தா வாராகன்னு சொல்லிட்டுத் திரியுதான். பாத்து வாங்கப்பா. நான் துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

"வந்துருவேன்" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டபோது அவர் கால் படியில் இருந்தது. ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினால் எங்கே போய்விடப் போகிறது? கொஞ்சம் பிந்தும். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வரவே எப்படியும் இருட்டிவிடும். இப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, உண்மை என்னவென்று நன்றாகத் தெரிந்துகொண்டே, மாரிராஜ் இறங்கினார். எதிர்ப்பக்கம் சங்கரன்கோவில் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு சுறுசுறுப்பு அவர் உடம்பில் பரவியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு திடீர்ச் சோதனை.

தன் ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக்கொண்டார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சாலையை விட்டு விலகி, வேலிக்கருவைப் புதர்களின் ஓரமாக நடந்து, தன் வீட்டுக்குத் தானே திருடன் போல வந்து சேர்ந்தார். ஆயிஷம்மாள் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் இடையில் சுவர் இடிந்து முள் அடைத்த ஒரு மூலை உண்டு. அங்கே வேப்பமரத்தை ஒட்டி நின்றுகொண்டார். காற்று எதிர்த்திசையில் அடித்தது, பொம்மிக்கு அவர் வாடை தெரியவில்லை.

முதலில் கிடாவைத் தேடினார். கட்டின இடத்தில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, கூடவே ஏமாற்றமாகவும் இருந்தது. சற்று நேரத்தில் ஆயிஷம்மாள் வந்தாள். கையில் ஒரு வாளி, அதில் நீண்ட காம்புள்ள அகப்பை. துவைக்கல்லுக்குத் தள்ளி நின்று, எட்டி, ஈரல் பிசைந்த சோற்றை அகப்பையால் கொட்டினாள். பொம்மி எழுந்து உட்கார்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, வா என்று கூப்பிடவில்லை. பட்டுவிடுமோ என்ற பயத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று வீட்டுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தாள். பொம்மி இடமும் வலமும் பார்த்தது. ஒரு மனுசமுகம் இல்லை என்று நிச்சயமானதும் கல்லருகே போய்த் தின்னத் தொடங்கியது.

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. நின்று பார்க்க ஆளில்லாவிட்டால் பொம்மி தின்னும், அவ்வளவுதான் சங்கதி. பெருமாள்சாமி தடவிக் கொடுத்துப் பட்டினி போட்டார், இவள் பயந்து ஓடி வயிற்றை நிரப்பினாள். அங்கேயே மாரிராஜ் திரும்பியிருக்கலாம். சாலையில் மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது அவர் காதில் விழவும் செய்தது. ஆனால் சோதனைக்கு வந்த செக்கர், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குவாரா? இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நின்றார்.

நின்றது வீண் போகவில்லை. ஆயிஷம்மாள் பின்வாசல் வழியாக மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை அவள் கையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் அவளுடைய பெட்டை ஆடு. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நேரே கிடாவிடம் கொண்டு போய் விட்டாள்.

இத்தனை நாள் சோழியன் குடுமி எதற்கு ஆடியது என்பது இதோ தெரிந்துவிட்டது! முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே குதித்தார், வேட்டி கிழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன காரியம் ஆயிஷம்மா இது?"

"யா அல்லா!" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். "அண்ணாச்சியா? நீங்க ஊருக்குப் போகலியா?"

"நான் போனா என்ன, போகாட்டி என்ன? இது யாரு ஆடு?"

"என் ஆடுதான். ரெண்டு நாளாக் கத்திட்டுக் கெடக்கு. ஒரு நேரம் ஒங்க கிடாவோட விட்டா நல்ல குட்டியாப் போடுமேன்னு..."

"எங்கிட்டக் கேக்காமலா?"

"கேட்டா விடுவீகளா? போன வருசம் வந்து கேட்டேன். ஆட்டுக்கு நோய் இல்லன்னு மாட்டாஸ்பத்திரியில சீட்டு வாங்கிட்டு வான்னீக."

"அப்பம் நாயப் பாத்துக்கிடுதேன்னு வந்தது இதுக்குத்தான்."

"இதுக்குந்தான்" என்றாள் ஆயிஷம்மாள். பயம் தெளிந்துவிட்டது அவளுக்கு. "அதுக்காக நாய்க்குச் சோறு போடலியா? கோழிக்கு எர போடலியா? ஒங்க நாய்க்காவ அகப்பைக்கு நீளக் காம்பு கெட்டியிருக்கேன், பாருங்க."

"போன் அடிச்சேனே, ஏன் எடுக்கல?"

"வீட்டுல சார்ஜுல கெடக்கு. ஆட்டுக் கயித்தப் பிடிப்பேனா, போனப் பிடிப்பேனா?"

"இதுக்குப் பேரு களவு, தெரியுமா?"

"களவா? ஒங்க கிடா அங்கனயேதான நிக்கி?" அவள் குரல் இறுகியது. "ஒரு வார்த்த மன்னிச்சிருங்கன்னு கேக்க வாயெடுத்தேன் அண்ணாச்சி. களவுன்னு சொல்லிட்டீக. இனி கேக்கமாட்டேன்."

அவள் பெட்டை ஆட்டை இழுத்துக் கட்டிக்கொண்டாள். மாரிராஜுக்கோ கையும் களவுமாகப் பிடித்த சந்தோசம். யாரும் தன்னை ஏமாற்ற முடியாது, சிவகிரியோ சென்னையோ, எங்கே அனுப்பினாலும் வந்து பிடிப்பேன் என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவர் குரலைக் கேட்டுப் பொம்மி நாலு கால் பாய்ச்சலில் வந்து, பாதி தின்ற சோற்றை விட்டுவிட்டு, அவர் மேல் தாவித் தாவிக் குரைத்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் போன் அடித்தது. எடுத்துவிட்டார்.

"அப்பா, மதுரை தாண்டியாச்சா?" ராஜகுமாரி.

"ஆ... தாண்டியாச்சு தாயி. மேலூர் கிட்ட..."

பொம்மி விடவில்லை. ஊருக்குப் போன எசமான் திரும்பி வந்த சந்தோசத்தில் அது தொண்டை கிழியக் குரைத்தது. மாரிராஜ் போனைப் பொத்தினார். பொத்துவதற்குள் போக வேண்டியது போய்விட்டது.

"பொம்மிதானப்பா?"

"இல்ல மக்கா... ராசபாளையத்துல எறங்க வேண்டியதாப் போச்சு. இங்க ஒரு பெரிய சங்கதி நடந்துட்டு. ஒங்கிட்ட என்னத்தச் சொல்ல, இந்தப் பின்வீட்டுக்காரி என்ன காரியம் பண்ணுனா தெரியுமா? நான் மட்டும் வராம இருந்திருந்தா..."

"என்ன பண்ணுனாக?"

மாரிராஜ் சொல்ல வாயைத் திறந்தார். கிடாவோடு ஒரு ஆட்டை விட்டாள். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைத்திருக்கிற மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று நாக்கு புரளவில்லை.

"சரிப்பா" என்றாள் அவள். கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவள் குரலில் கோபம் இல்லை. "கீழ்வீட்டுல ஒரு அம்மா இருக்காக. அவுக கிட்ட பிள்ளைய விட்டுட்டுப் போறேன்."

"யாருட்டி அது? எந்த ஊர்க்காரி?"

"தெலுங்குக்காரவுக. பேருகூட எனக்குச் சரியாத் தெரியாது. மொதல்லயே கேட்டாக, நான் பாத்துக்கட்டுமான்னு. அப்பா வாராகன்னு சொல்லிட்டேன்."

"பேரு தெரியாதவ கிட்டயா? வேண்டாம் தாயி, வேண்டாம். நான் இந்தா இப்பமே பஸ் ஏறுதேன். விடியதுக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும்..."

"வேண்டாம்ப்பா. நீங்க வாரேன்னு சொன்னா, எந்த ஊருல எறங்கித் திரும்பிப் போயிருப்பீகளோன்னு நெனச்சிக்கிட்டே நான் அந்தக் கட்டில்ல படுக்கணும். என்னால ஆவாது. அந்த அம்மா அங்கனயே இருப்பாக. அது போதும் எனக்கு." மூச்சை இழுத்துவிட்டாள். "நீங்க பொம்மியப் பாத்துக்கோங்க."

போன் அணைந்தது. ஆயிஷம்மாள் ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இதுவரை அங்கேயே நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். வீட்டுச் சாவியைத் துவைக்கல்லில் வைத்தாள், அது பொம்மி தின்று வைத்த கல் என்பதையும் அவள் பார்க்கவில்லை. அப்புறம் ஆட்டை ஓட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

மாரிராஜ் மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். மூன்றாந்தடவையும் மணி அடித்து அடித்து நின்றது. ஒரு போனை எடுக்கவில்லை என்றால் அதற்கு ஆயிரம் காரணம் கற்பிக்கிறவர் அவர். இதற்கு மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.